நீ காரை விட்டு இறங்காத காலை

மச்சான்,

இன்று காலைக் காபியில் இரும்பு வாசனை அடித்தது. பால் புதிது, டிகாஷன் புதிது, டம்ளரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துத்தான் என் வீட்டுக்காரி கொடுத்தாள். ஆனாலும் முதல் வாயிலேயே இரும்பு. "கல்லாப்பெட்டிய நக்குன மாதிரி கீதுடா" என்று நீ ஒருநாள் சொன்னாயே, அதேதான். அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கீமோ மருந்து ஏறிய நாக்கில் எதை வைத்தாலும் சில்லறைக் காசு ருசிதான் என்பது இப்போது என் நாக்குக்கே தெரிந்துவிட்டது. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உயிரோடு இருக்கிற யாரிடம் பேச்செடுத்தாலும் "பயப்படாதீங்க" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறார்கள். நீ அதைச் சொல்ல மாட்டாய்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சளிக்கு நெறி கட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். துளி சதையை எடுத்து சோதித்துப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். நீ போன அதே ஆஸ்பத்திரி, நீ சாய்ந்திருந்த அதே மாதிரி நாற்காலி. மூன்றாவது சுற்று மருந்து ஏறி முடிந்திருக்கிறது. இது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிக் கிடக்கும் வாரம். நம் பாஷையில் சொன்னால், ஷட்டர் முழுசாகத் திறந்து கிடக்கிறது, கடையில் ஆள் இல்லை. எது வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டியை நினைத்துக்கூட இவ்வளவு பயமில்லை. அது டாக்டர் பாடு. கொசுவைக் கண்டால் பயம். கதவுக் கைப்பிடி, ஸ்விட்ச், வேலைக்கு வரும் அம்மாவின் இருமல், மார்க்கெட்டிலிருந்து வந்த கொத்தமல்லிக் கட்டு, எல்லாவற்றையும் கண்டு பயம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் கவர் விற்ற காலத்தில் சாக்கடை ஓரம் உட்கார்ந்து, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு சோறு தின்றவன் நான். இன்று என் சொந்த மகள் மாடிப்படி ஏறி வந்தால், "தூரமா நின்னு பேசு கண்ணு" என்கிறேன். கை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. வெடித்த இடத்தைப் பார்த்தால் அது வழியாக ஏதாவது போய்விடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

இதில் இன்றைக்குப் பார்த்து சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத் தேதி குறிக்க வருகிறார்கள். நல்ல குடும்பம். பையன் அங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினியர். என் முடி போனதற்கும் ஆள் இளைத்ததற்கும் என் வீட்டுக்காரி அவர்களிடம் சொல்லியிருக்கிற காரணம், சர்க்கரை. "பேர சொன்னா ஓடிடுவாங்க. கல்யாணம் முடியட்டும்" என்கிறாள். நான் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு கீழே போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு ஏறி வந்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

உனக்கு இந்த மாதிரி ஏற்பாடெல்லாம் இல்லை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் உன் பழக்கடை, எதிரே என் பிளாஸ்டிக் கடை. உனக்கு வியாதி என்று தெரிந்த அன்றைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நீயே கடை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். அப்புறம் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இருந்த உன் வீட்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். வருகிறவன் சும்மா வருவானா? ஆப்பிள், திராட்சை, மாதுளை. நீ ஜன்னலுக்கு உள்ளே, நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பார்றா மச்சான், என் கடையிலயே வாங்கி எனக்கே கொண்டாந்து குடுக்கறானுங்க. அதுவும் திராட்சை. தோல் உரிக்காத பழம் துன்னாத, கூட்டத்துல நிக்காதன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறமா கூட்டமா வந்து திராட்சை குடுக்கறானுங்க."

"வாணாம்னு சொல்லேன்."

"யாவாரம் நடக்குதுடா. கெடுக்காத."

சிரித்தாய். ஆனால் அந்தச் சிரிப்பு உன் மூஞ்சியில் தங்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நாளிலேயே ஜன்னலையும் சாத்திக்கொண்டாய். ஏரிக் கொசு என்று காரணம் சொன்னாய். தங்கச்சி, உன் பெண்சாதி, வாசலுக்கு வந்து என்னிடம், "பேசவே மாட்டேங்கறாருண்ணா. செவுத்தையே பாத்துகினு கீறாரு. கடையப் பத்திக் கேட்டாக்கூட தலைய ஆட்டறாரு" என்று அழுதது.

எனக்குக் காரணம் தெரியும். உன் கடைக்குப் பக்கத்தில் செல்போன் கடை ஒன்று திறந்தார்கள். நம் மார்க்கெட்டில் எவன் புதுக்கடை போட்டாலும் முதல் போணிக்கு உன்னைத்தான் கூப்பிடுவான். பூஜை முடிந்ததும் முதல் ஆளாக நீ ஒரு பொருளை வாங்கி நோட்டை நீட்டுவாய். கடைக்காரன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவான். கைராசிக்காரன் என்று உனக்குப் பெயர். மளிகைக் கடைக்கும் நீ, மருந்துக் கடைக்கும் நீ, சலூனுக்கும் நீதான். வாரத்துக்கு ஒரு முடிவெட்டா என்று தங்கச்சி திட்டும். ஆனால் அந்த செல்போன் கடைக்காரன் உன்னைக் கூப்பிடவில்லை. ஸ்வீட் கடைக்காரரைக் கூப்பிட்டான். நீ உன் கடை உள்ளே, மாஸ்க் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அடுத்த வாரம் ஜன்னலுக்கு உள்ளிருந்து சொன்னாய்: "சீக்காளி கை ஆயிட்ச்சுடா மச்சான் இது."

உன் பயத்துக்கு ஆயிரம் வழி வைத்திருந்தாய். வெந்நீர், சோப்பு, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் தர்மாமீட்டர். மனசு செத்துப்போகிற இந்த இன்னொன்றுக்கு உன்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது எனக்கும் அது வந்திருக்கிறது. போன் அடித்தால் எடுக்கத் தோன்றவில்லை. சரக்கு விலை ஏறிவிட்டது என்று கடைப் பையன்கள் சொன்னால், ஏறட்டும் என்று இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம், எனக்கு சந்தோஷம் வர மாட்டேன் என்கிறது. இதைச் சொன்னால் வெட்கக்கேடு என்று மூடி வைத்திருந்தேன்.

நீ எப்படி அதைத் திறந்தாய் என்று நினைத்துப் பார்த்தேன். மருந்து ஏற்ற வந்த நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜுரம் உண்டா, வாந்தி உண்டா, வாய்ப்புண் உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவன், சட்டென்று, "சிஸ்டர், காலைல எய்ந்ததும் அழுவாச்சி வருது. அது உங்க லிஸ்ட்ல கீதா?" என்று கேட்டாய். கூட வந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இருக்கு சார், அதையும் சொல்லணும்" என்று எழுதிக்கொண்டது. அன்றைக்கே வேறொரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். வெளியே வந்து, "அழுவறதுக்குக்கூட ஒரு டாக்டர் வெச்சிகீறாங்கடா! நான் பாட்டுக்கு வூட்ல ஓசில அழுதுகினு இருந்தேன்" என்றாய். நாலைந்து தடவை போன பிறகு ஜன்னல் மறுபடி திறந்தது. பழைய ஆளாக மாறிவிடவில்லை. ஆனால் நான் போனால் கடைக் கதை கேட்டாய்.

விட்டுவிட்டு எழுதியதில் மத்தியானம் தாண்டிவிட்டது. எழுதுவதை நிறுத்தி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். குளிர்கிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது, ஃபேன்கூட ஓடவில்லை, எனக்கு மட்டும் முதுகுத்தண்டில் குளிர். காலையில் தர்மாமீட்டரில் ஒன்றும் இல்லை. இப்போது வைத்துப் பார்த்தேன். ஏறியிருக்கிறது. தாண்டினால் உடனே வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன ஜுரக் கோட்டை இன்னும் தொடவில்லை, ஆனால் கோட்டைப் பார்த்து நடக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரி பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தவள், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஒரு சாஸரில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"ஜுர மாத்திரைங்க. போட்டுக்கினு கொஞ்சம் படுங்க. அவங்க வர்றதுக்குள்ள வேர்த்து வுட்டுடும்."

"ஆஸ்பத்திரில கேக்காம இத போடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. ஜுரம் உள்ள இருக்கும், வெளிய தெரியாது."

"ஒரே ஒரு நாளுங்க. ராத்திரியே போலாம். நீங்க இல்லாம எப்பிடித் தேதி குறிக்கறது? பொண்ணு வாய்க்கைங்க இது."

சாஸரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கும் பயம், அவள் பயம் வேறு பக்கம் பார்த்து நிற்கிறது. எனக்கும் அந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் போலத்தான் இருக்கிறது. வியாபாரிக்கு நல்ல நேரம் முக்கியம், வாக்கு முக்கியம், மூஞ்சி முக்கியம். ஒரு சாயங்காலம்தானே என்று மனசு பேரம் பேசுகிறது. மாத்திரையைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். பெரும்பாக்கம் காலையை இப்போது எழுதிவிட வேண்டும்.

பெரும்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு அடுக்குமாடிகள் நிரம்பிக்கொண்டிருந்த நேரம். ஆயிரக்கணக்கில் புதுக் குடித்தனம் என்றால் ஆயிரக்கணக்கில் பக்கெட், குடம், துடைப்பம். இரண்டாவது கடையை அங்கே போட்டேன். முதல் போணி நீதான் என்று சொல்லிவிட்டேன். என் சகலை, அந்தக் கடையில் என் கூட்டாளி, முகத்தைச் சுளித்தான். "அவரு ஒடம்பு இருக்கற இருப்புல, அந்தக் கையா?" என்றான். "அந்தக் கைதான்" என்றேன். உன் மேல் இருந்த பாசத்தால் மட்டும் சொல்லவில்லை மச்சான், நான் நிஜமாகவே உன் கைராசியை நம்பினேன். என் முதல் கடை ஓடியது உன் நோட்டில்தான் என்று எனக்கு நம்பிக்கை. உன்னிடம் வந்து சொன்னபோது நீ உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அப்புறம் உள்ளே திரும்பி, "ஏம்மே, என் பட்டு வேட்டி எங்க கீது?" என்று கத்தினாய்.

திறப்பு விழா அன்று எல்லாம் உனக்காகவே ஏற்பாடு செய்திருந்தேன். கூட்டம் தள்ளி நிற்க வேண்டும், மாலை கிடையாது, நீ வாசலில் நின்றபடியே ஒரு பிளாஸ்டிக் மக் வாங்கிவிட்டு வண்டி ஏறிவிட வேண்டும். உன் கார் வந்து நின்றது. மார்க்கெட் ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அந்த செல்போன் கடைக்காரனும் இருந்தான். ஐயர், "நேரம் முடியப்போறது, சீக்கிரம்" என்றார். நான் ஓடிவந்து கார் கதவைத் திறக்கப் போனேன். நீ உள்ளே பட்டு வேட்டியில் உட்கார்ந்து, அக்குளில் தர்மாமீட்டரை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அது பீப் என்று கூவியது. எடுத்துப் பார்த்தாய். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாய்.

"மச்சான், ஜுரம் அடிக்குது. நான் எறங்கல."

"ஒரே நிமிஷம்டா. நோட்ட மட்டும் நீட்டு. கண்ணாடி வழியா குடு."

"குடுத்தா நீ கண்ல ஒத்திக்குவ, ஐயரு கற்பூரம் காட்டுவாரு, எவனாச்சும் ஜூஸ் கொண்டாருவான். அப்பிடியே அர மணி நேரம் பூடும். வழியிலயே குளுருச்சுடா எனக்கு. எனக்கு பயமா கீது. வண்டிய எடுக்கச் சொல்லு."

மெதுவாகச் சொல்லவில்லை நீ. எல்லார் காதிலும் விழுந்தது. நம் ஆட்களில் எவனும் தெருவில் நின்று எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போதும் சிரிக்கிற ஜாதி நாம். யாரோ பின்னாலிருந்து, "நல்ல காரியத்துல இன்னாபா இது" என்று முணுமுணுத்தான். அந்த ஒரு கூப்பிடலுக்காக நீ எத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். அது உனக்கு எட்டடி தூரத்தில் இருந்தது. நீ இறங்கவில்லை.

கடையைச் சகலையிடம் விட்டுவிட்டு நானும் உன் வண்டியில் ஏறிக்கொண்டேன். மாம்பாக்கம் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். உன் பல் கிடுகிடுவென்று அடித்தது. "பேஜாரா பூட்ச்சு இல்ல உனுக்கு?" என்று கேட்டாய். "கடை எங்கயும் ஓடிடாது" என்றேன். "நானும் ஓட மாட்டேன்டா, எறங்கி நடக்கக்கூட தெம்பு இல்ல" என்றாய். ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி வாசலில் ஒரே கூட்டம், இருமலும் தும்மலும். நான் வழக்கம்போல பேர், ஊர் என்று ஆரம்பித்தேன். நீ என்னைத் தள்ளிவிட்டு, "கீமோ. ஜுரம்" என்றாய். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்கு அவர்கள் ஓடினார்கள். உன்னைத் தனி அறைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்து, உடனே மருந்து ஏற்றினார்கள். மறுநாள் டாக்டர் என்னிடம், இவர் அந்தக் காலை முழுக்கக் கடை வாசலில் நின்றிருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார்.

கடைக்கு முதல் போணி யார் என்று உனக்குத் தெரியும். அடுக்குமாடியிலிருந்து துடைப்பம் வாங்க வந்த ஒரு பெண்பிள்ளை. ஐயர் சொன்ன நேரமெல்லாம் தாண்டிய பிறகு வந்து, பேரம் பேசி வாங்கிப் போயிருக்கிறது. கடை நன்றாகத்தான் ஓடியது. உடம்பு தேறி நீ வந்து பார்த்தபோது, உள்ளே நிற்க இடமில்லை. "என் கை இல்லாமயே ஓடுதேடா!" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருக்குமோ என்று உன் மூஞ்சியைப் பார்த்தேன். இல்லை. தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி இருந்தாய். அதற்கப்புறம் உன்னை யாராவது போணிக்குக் கூப்பிட்டால் போனாய், கூப்பிடாவிட்டால் வீட்டில் காபி குடித்தாய். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தாய். பிறகு வியாதி திரும்பி வந்தது. அதைப் பற்றி எழுத இன்று எனக்குத் தைரியம் இல்லை. உன்னைக் கொண்டுபோனது அதுதான், அந்தக் காலையின் ஜுரம் இல்லை. அந்த ஒரு வருஷத்தை நீ காருக்குள் உட்கார்ந்தபடியே வாங்கினாய்.

மறுபடி வைத்துப் பார்த்தேன். கோட்டைத் தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். உடனே கிளம்பி வாருங்கள், மாத்திரை எதுவும் போடாதீர்கள் என்றார்கள். மகள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரி சமையல்கட்டு வாசலில் அடுப்பை அணைக்காமல் நின்றாள். "அவங்களுக்கு இன்னான்னு சொல்றது?" என்றாள். "நானே சொல்றேன்" என்று மாப்பிள்ளையின் அப்பாவுக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

"சம்பந்தி, வழியில இருக்கீங்களா?"

"வந்துக்கிட்டே இருக்கோம். பெருங்களத்தூர்ல மாட்டிக்கிட்டோம், வண்டி நகரவே மாட்டேங்குது."

"ஒண்ணு சொல்லணும். எனக்கு சர்க்கரை இல்ல. கேன்சர். கீமோ நடக்குது. இப்ப ஜுரம் வந்துடுச்சு. இதுல லேட் பண்ணா உயிருக்கு ஆபத்து. எனக்குப் பயமா இருக்கு, நான் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறேன். நீங்க வூட்டுக்கு வாங்க, காபி சாப்புடுங்க. தேதிய நான் இல்லாமயே பேசுங்க. பேச வாணாம்னு தோணுச்சுன்னா, அதையும் சொல்லிடுங்க. கோச்சுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ பெண் குரல், "என்னாவாம்?" என்று கேட்டது. வீட்டுக்காரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார்.

"வண்டலூர் தாண்டி."

"அப்ப இந்தப் பக்கம் வராதீங்க. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க நிக்குது. முடிச்சூர் வழியா மண்ணிவாக்கம் போய் ரிங் ரோட்ட புடிங்க. கேக்குதா? யாரு வண்டி ஓட்டறது?"

"பொண்ணுதான்."

"பதறாம ஓட்டச் சொல்லுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. நல்லதாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காரில் பின்சீட்டில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளைக் கிறுக்குகிறேன். எழுத்து ஆடுகிறது, குளிர் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டது. மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறாள். முடிச்சூர் ரோட்டில் கூட்டம் இல்லை. எமர்ஜென்சி வாசலில் போய் நின்றதும் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையை உன் குரலிலேயே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். பல் கிட்டிப்போய் எனக்குப் பேச்சு வராவிட்டால் அவள் சொல்ல வேண்டுமே என்று, இப்போது அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.